நூறாண்டு உத்தரவாதம் உள்ள ஒரு தாண்டல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கழிப்பறையில் கிடைத்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்றை இட்டுக்கட்ட மூன்று வாரம் முயன்றேன், முடியவில்லை. என் தம்பி சீட்ஸேயின் வீட்டில், அவனுடைய எழுபதாவது பிறந்தநாளன்று, பிற்பகல் மூன்று மணிக்கு, உட்கார்ந்த நிலையில் கிடைத்தது.

முதலில் வேறு மாதிரிதான் தொடங்கினேன்:

"ஃப்ரீஸ்லாந்தின் சமவெளியில் காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்த ஓர் ஆகஸ்டு மாதத்தில்..."

இங்கே, நெதர்லாந்தின் இந்த வடமூலையில், காற்று எப்போதும்தான் வீசுகிறது. அதைச் சொல்ல ஒரு கதை எதற்கு? விட்டுவிட்டேன். பிறகு:

"நினைவு என்பது சுழலும் ஒரு தகடு, அதன் மையத்தில் நாம் எல்லோரும்..."

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. உங்களுக்கு வராமல் இருக்குமா?

ஆகவே நேராக. என் பெயர் ரின்ஸ்கே. வயது எழுபத்து மூன்று. பேருந்தில் உட்கார இடம் வேண்டுமென்றால் எண்பத்தொன்று. வெற்று சிடிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். தொழிற்சாலை இப்போது இல்லை, அந்த இடத்தில் சமையலறை டைல்ஸ் விற்கிறார்கள். என் வேலை சிடிகளை வேகவைப்பது. கேலி இல்லை. தகவல் எழுதிய சிடிகளை எண்பது டிகிரி சூட்டில், புழுக்கத்தில், வாரக்கணக்கில் அடுப்புக்குள் வைப்போம். வெளியே எடுத்து, எத்தனை எழுத்து கெட்டுப்போனது என்று எண்ணுவோம். அடுப்பில் ஆறு வாரம் தாங்கினால் அலமாரியில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. கிராஃப் தாளில் நான்கு புள்ளி வைத்து, அவற்றின் வழியே ஒரு கோடு இழுத்து, அதை எதிர்காலத்துக்குள் நீட்ட வேண்டும். ஸ்கேலைப் பிடிக்கிற விதத்தைப் பொறுத்து நாற்பது ஆண்டும் வரும், இருநூற்றுப் பதினேழும் வரும். விற்பனைப் பிரிவிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார்.

"நூறுன்னு போட்டுக்கலாமா?"

"போட்டுக்குங்க" என்றேன்.

ஒரு நூற்றாண்டை உண்டாக்க எனக்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.*

* இதில் கொஞ்சம் மிகை உண்டு. அவர் டை கட்டியிருக்கவில்லை.

2

கதைக்குத் தேவையானது ஒரே ஒரு தாண்டல்.

இது எங்கள் பக்கத்து விளையாட்டு: வாய்க்காலின் நடுவே, தண்ணீருக்குள் ஒரு நெடிய கழி நிற்கும். பலகை மேடையில் ஓடிவந்து, அதைப் பாய்ந்து பிடித்து, அது எதிர்க்கரைப் பக்கம் சாயச் சாயக் குரங்குபோல மேலே ஏறி, கடைசி நொடியில் கையை விட்டு மணலில் விழ வேண்டும். எவ்வளவு தள்ளி விழுகிறோமோ அவ்வளவு பெருமை. முன்னாலேயே விழுந்தால் தண்ணீர். கூட்டத்துக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

1999 ஆகஸ்டில், எங்கள் ஊர்ச் சங்கத்தின் போட்டியில், பௌக்யே தாண்டினாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அளவுநாடாவின் முனையைப் பிடித்திருந்தவள் நான். பதினான்கு மீட்டர் அறுபத்தொன்று. எங்கள் வாய்க்காலில் அதற்குமுன் எந்தப் பெண்ணும் அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. இன்னொரு முனையைப் பிடித்திருந்த கிழவர் அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

முடிவேட்டில் எண்ணை எழுதியவன் என் தம்பி சீட்ஸே, சங்கத்தின் செயலாளர். எழுதியதும் பௌக்யேக்குக் கைகொடுக்க ஓடினான், ஈரப் பலகையில் சறுக்கினான், ஏட்டோடு வாய்க்காலுக்குள் போனான். எழுதியது மைப்பேனாவில். மேலே வந்தபோது அந்தப் பக்கம் முழுக்க ஒரு நீல மேகம். கூட்டம் அன்று அவனுக்குத்தான் அதிகம் கைதட்டியது.

ஏடு போனால் என்ன, போட்டோ இருந்தது. கரையிலேயே விட்டிருந்த, ஃபிளாப்பி போடுகிற அந்தக் காலத்துக் கேமராவில், வாய்க்காலில் விழுவதற்குமுன் அவனே எடுத்தது: தன் காலடித் தடத்திலேயே நிற்கும் பௌக்யே, அவள் காலை ஒட்டி நாடா, நாடாவில் எண். ஃபிளாப்பியை என்னிடம் கொண்டுவந்தான். ஒரே கொத்திலிருந்து மூன்று சிடி எடுத்து, ஒரே பிற்பகலில், மூன்று பிரதி எழுதிக் கொடுத்தேன். "மூணு இடத்துல வை" என்றேன். அதுதான் தொழில் தர்மம்.

அதன்பிறகு இருபத்தைந்து ஆண்டுகள், யார் கேட்டாலும் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றே: "சிடியில இருக்கு." இருக்கிறதா என்று ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

3

இங்கே எனக்கு ஒரு பாத்திரச் சிக்கல். பௌக்யேயை நான் சோகமானவளாக எழுதியிருந்தேன்: "கண்ணின் ஓரத்தில் ஒரு துளி, இருபத்தைந்து ஆண்டுகளாக விழாமல்..."

என் துரதிர்ஷ்டம், பாத்திரம் அடுத்த தெருவில் குடியிருக்கிறது. காபி குடிக்க வந்தவள் மேசையிலிருந்த தாளை எடுத்துப் படித்துவிட்டாள்.

"என்ன ரின்ஸ்கே இது? எனக்கு எப்ப துளி வந்துது?"

"கதைக்கு ஒரு துளி தேவைப்படுது."

"தேவைப்பட்டா உங்க கண்ணுல விட்டுக்குங்க. நான் பால் லாரி ஓட்டுறவ. முப்பதாயிரம் லிட்டர் பின்னால ஆடிக்கிட்டு வரும்போது கண்ணுல துளி வந்தா வண்டி எங்க போய் நிக்கும்?"

"அப்ப உனக்கு வருத்தமே இல்லையா?"

பிஸ்கட்டைக் காபியில் தோய்த்தாள். அது உடைந்து உள்ளே விழுந்தது.

"விட்ஸ்கே 2019ல பதினாலு முப்பத்தெட்டு தாண்டினால்ல? மைக்ல 'சங்கத்தோட புது சாதனை'ன்னு சொன்னாங்க. நானும்தான் கத்தினேன். என் பொண்ணு, கத்த மாட்டேனா? கார்ல வரும்போதுதான் சொன்னேன், நான் அறுபத்தொண்ணு தாண்டினேன்டின்னு. சிரிச்சா. 'சரிம்மா, சரிம்மா'ன்னா."

"அவ்வளவுதானா?"

"அன்னிலருந்து நான் எதைச் சொன்னாலும் அதேதான். முட்டி வலிக்குதுன்னா சரிம்மா. அந்த ரோட்டுல பனிக்கட்டி இருக்கு, மெதுவா போடின்னா சரிம்மா. எனக்கு ரெக்கார்டை வெச்சு என்ன ஆகணும், மாடுங்க பால் கூடவா குடுக்கும்? அவ அந்தச் 'சரிம்மா'வ நிறுத்தணும். அது போதும்."

(துளியை எடுத்துவிட்டேன்.)

இந்த ஆண்டு சங்கத்துக்குப் பொன்விழா. வாய்க்கால் கரையில் பெரிய சாதனைப் பலகை ஒன்று வைப்பதாக முடிவு. பௌக்யேயும் முதல்முறையாக வாயைத் திறந்து, தன் தாண்டலைக் குழுவிடம் சொன்னாள். எண்ணை எழுதிய சீட்ஸேக்கு 'பதினாலு சொச்சம்' என்பதற்குமேல் ஞாபகம் இல்லை; அளந்தவள் நான் இருக்கிறேனே என்று சாட்சிக்குப் போனேன். குழுவின் குறிப்பேட்டில் இப்படி எழுதினார்கள்: "ரின்ஸ்கேயின் கூற்று அன்புடன் கவனத்தில் கொள்ளப்பட்டது." காரணம் எனக்குத் தெரியும். அதே குழுவிடம் ஒருமுறை நான் ஒரு விலாங்கு மீனைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அதை அளக்க அந்த நாடா போதவில்லை என்று. வாழ்நாளில் ஒரே ஒரு உண்மை சொல்லப் போனேன், அதற்கு அந்த மீன் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

4

நான்காவது பகுதி இருந்தது. நீக்கிவிட்டேன். அதில் நானூறு சொற்களுக்குக் காபியோடு வைக்கிற கேக்கைப் பற்றி எழுதியிருந்தேன். நல்ல பகுதிதான், ஆனால் கதையில் யாருக்கும் அப்போது பசிக்கவில்லை.

5

சீட்ஸேயிடம் போனேன்.

முதல் பிரதி சங்கத்தின் குடிலில், ஜன்னல் திண்டில் இருந்தது. திரை போடாத பெரிய ஜன்னல், தெற்குப் பார்த்தது. தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்காக, இரண்டு ஆர்க்கிட் தொட்டிகளுக்கு நடுவே, ஒரு மரத் தாங்கியில் அதை நிமிர்த்தி வைத்திருந்தான். மேலே சங்கச் சின்னம் அச்சிட்ட வட்டமான காகிதம் வேறு ஒட்டியிருந்தது. இருபத்தைந்து கோடைகள்! நான் அவனிடம் மூன்று இடம் என்றேனே தவிர எந்த மூன்று இடம் என்று சொல்லவில்லை.

லேசர் எழுதுவது ஒரு மெல்லிய சாயப் படலத்தில். வெயில் பட்டால் அது திரைச்சீலை போல வெளுக்கும். அது மட்டுமா? எல்லோரும் பளபளக்கிற அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறார்கள். சிடியின் உயிர் இருப்பது மேல்பக்கத்தில், ஒரு வார்னிஷ் பூச்சுக்கு அடியில். காகிதத்தின் ஓரத்தைத் தொட்டேன். வெயிலில் தோல் உரிவதுபோல வெள்ளிப் பூச்சும் கூடவே வந்துவிட்டது. சிடியின் வழியே அந்தப் பக்கத்து ஆர்க்கிட் தெரிந்தது.

"ரெண்டாவது எங்க?"

"செர்ரி மரத்துல."

"மரத்துலயா?"

"பழத்தைக் கொத்துதுங்களே பறவைங்க. பளபளன்னு ஏதாவது தொங்கவிட்டா வராதுன்னாங்க. ஒரிஜினல்தான் ஜன்னல்ல பத்திரமா இருக்கே, இது வெறும் காப்பிதானேன்னு..."

"பறவை பயந்துச்சா?"

"முதல் வருஷம் பயந்துச்சு. அடுத்த வருஷத்துலருந்து அதுல முகம் பாத்துக்கிட்டு சாப்பிட்டுச்சு."

"மூணாவது?"

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மூணாவத ரொம்ப ரொம்பப் பத்திரமான இடத்துல வெச்சேன் ரின்ஸ்கே. அதனாலதான் ஞாபகம் வரல."

6

பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வருகிறவர் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்த வேண்டும்: "உங்க தம்பிக்காக வாழ்த்துகள்", "உங்க பக்கத்து வீட்டுக்காரருக்காக வாழ்த்துகள்". ஆளுக்கு ஆள் எல்லோரையும் வாழ்த்தினால் நானூற்று அறுபத்திரண்டு வாழ்த்து, எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தப் பழக்கத்தைத் தாங்க வழி ஒன்றுதான்: நிறையக் காபி குடித்து, அடிக்கடி எழுந்து போவது.

இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் போல சீட்ஸே வீட்டுக் கழிப்பறையிலும் சுவரில் பிறந்தநாள் காலண்டர் தொங்கியது. ஆண்டு போடாத காலண்டர். நாள்களும் பெயர்களும் மட்டும். ஒருமுறை மாட்டினால் செத்தவர்களின் பெயரை அடித்து, பிறந்தவர்களைச் சேர்த்து, ஆயுள் முழுக்க ஓட்டலாம். உட்கார்ந்தால் மூக்குக்கு நேரே இருக்கும். ஆகஸ்டு பக்கத்தைப் புரட்டினேன். ஒன்பதாம் தேதியில் பௌக்யே பெயர். புரட்டும்போது காலண்டர் சுவரோடு சரியாகப் படியாமல் ஆடியது. பின்பக்க அட்டையில் ஏதோ புடைப்பு. கழற்றித் திருப்பினேன்.

டேப் போட்டு ஒட்டிய ஒரு காகித உறை. மேலே தம்பியின் கையெழுத்து: "பௌக்யேக்கு. பிறந்தநாளுக்குக் கொடுக்க. மறக்கக் கூடாது, அதனால் இங்கே."

இருபத்தைந்து ஆண்டுகளாக மாதந்தோறும் முன்பக்கத்தைப் புரட்டிய வீட்டில் ஒருவரும் பின்பக்கம் பார்க்கவில்லை. அந்த இடத்தைக் கவனியுங்கள். ஜன்னல் கிடையாது. விளக்கு ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம். குளிக்கும் அறை மாடியில், ஆகவே நீராவி கிடையாது. இந்த வீட்டில் யாரும் அங்கே ஹீட்டர் போட்டதில்லை, யாரும் அதிகநேரம் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக. இருட்டு, குளிர்ச்சி, உலர்வு. நாங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஓர் இடம் அமைக்க ஒரு கட்டடமே கட்டினோம்.

உறையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்கு நடுவே போய் நின்றேன். இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

 இல்லை, யாரும் எழுந்திருக்கவில்லை. "கையக் கழுவினியா?" என்று மட்டும் சீட்ஸே கேட்டான். கழுவினேன். இதையாவது நம்புங்கள்.

7

இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் சிடி போட வாயே கிடையாது. கொட்டகையிலிருந்து என் பழைய டிரைவைத் தேடி எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தேன். மறுநாள் காலை பௌக்யே வந்தாள். பின்னாலேயே மகள் விட்ஸ்கேயும் வந்தாள்: இருபத்து மூன்று வயது, பதினான்கு முப்பத்தெட்டு, இந்த ஆண்டுதான் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தவள்.

சிடியை மென்துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தேன். சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் எழுத்தின் போக்கிலேயே போய் ஒரு முழு வரியைத் தின்றுவிடும்.

"இந்தச் சிடி வித்த பெட்டியில நூறு வருஷம்னு போட்டிருந்துச்சு. அது நீங்க போட்டதாமே?" என்றாள் விட்ஸ்கே.

"கோடு என்னுது. நூறு அவங்களுது."

"நாலு புள்ளிய வெச்சு நூறு வருஷத்துக்கா? என் பசங்க இப்படி எழுதினா நான் சைபர் போடுவேன்."

"அதனாலதான் நான் டீச்சர்கிட்ட வேலைக்குப் போகல."

டிரைவ் முனகியது. மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டிருந்தேன். எட்டு சதவீதம். பதினொன்று. நின்றது.

"போச்சா?" என்றாள் பௌக்யே. லாரி ஓட்டும் கைகள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"இல்ல, யோசிக்குது. ஒரு எழுத்து அழிஞ்சா அக்கம்பக்கத்து எழுத்த வெச்சு அது என்னவா இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சுக்கும். அதுக்குன்னே கூடுதலா எழுதி வெச்சிருக்கோம்."

"எத்தன அழிஞ்சா கண்டுபிடிக்க முடியாது?" இது விட்ஸ்கே.

"ரொம்ப அழிஞ்சா."

"ரொம்பன்னா எவ்வளவு?"

"உங்க அம்மா உன்னை எப்படி வளத்தா?"

பன்னிரண்டு. முப்பது. எழுபத்து நான்கில் மறுபடி நின்று, நாங்கள் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போது, தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்தது. படம் மேலிருந்து கீழாக விரிந்தது. வானம். ஈரமான கூந்தல். ஒரு மூக்கு.

"இது என் மூக்கு" என்றாள் விட்ஸ்கே.

"என்னுதுதான் உன்கிட்ட இருக்கு. திருப்பிக் குடு."

தோள்கள். மணல் சேறு ஒட்டிய சட்டை. அவளுக்குப் பின்னால், மணல் ஓரமாக, தூரம் குறித்த சிறு பலகைகள்: இடப்பக்கம் 14, வலப்பக்கம் 15. இடுப்பு. தொடை. முட்டி.

முட்டிக்குக் கீழே சாம்பல் நிறம். படத்தின் அடிவரை வெறும் சாம்பல்.

நானூறு தடவை முயன்றேன். (ஒன்பது.) ஒன்பது தடவையும் அதே முட்டி. பாதம், நாடா, எண், எல்லாம் அந்தச் சாம்பலுக்குள்.

அப்போது அந்தச் சமையலறையில் நிலவிய அமைதியை எப்படி வர்ணிப்பது என்றால், அது ஒரு...

வர்ணிக்கத் தெரியவில்லை. பௌக்யே மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

விட்ஸ்கே எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். தேக்கரண்டியின் காம்பை வைத்து 14க்கும் அம்மாவுக்கும் இடையே அளந்தாள், அம்மாவுக்கும் 15க்கும் இடையே அளந்தாள். கேமரா சாய்ந்திருந்தது. மறுபடி அளந்தாள்.

"பதினாலத் தாண்டியிருக்க. அது உறுதி. ஆனா பதினாலு இருபதாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றாள் பௌக்யே.

"பதினாலு எழுபதாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

வந்துவிடப் போகிறது அந்தச் சொல் என்று நான் காத்திருந்தேன். பௌக்யேயும் காத்திருந்தாள்; முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, கழி இடதுபக்கம் சாஞ்சிச்சா, நேரா போச்சா?"

"என்னது?"

"சட்டையில சேறு ஒரே பக்கம் இருக்கு. இடப்பக்கமா விழுந்திருக்க. கழி சாஞ்சிருந்தா நீ அதைத் திருத்தித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியும். எப்படித் திருத்தின? எனக்கு அது இன்னும் வரல."

பௌக்யே அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, என் துடைப்பத்தை எடுத்து, தரையில் ஊன்றிக் காட்டத் தொடங்கினாள். முட்டி எங்கே இருக்க வேண்டும், எந்தக் கை மேலே, எப்போது இடுப்பைத் திருப்ப வேண்டும். விட்ஸ்கே குறுக்கே குறுக்கே கேட்டாள், மறுத்தாள், துடைப்பத்தைப் பிடுங்கித் தானே செய்து பார்த்தாள். என் விளக்கு ஒன்று உடைந்தது. இரண்டு மணிநேரம். இந்த ஊரில் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டோடு மூடிவிடுகிற டப்பாவை இரண்டாம் முறை திறந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும்.

8

நான் யோசித்த முடிவுகள்.

பத்தாவது முயற்சியில் சாம்பல் விலகி 14,61 (இங்கே தசமப் புள்ளிக்குக் கமாதான்) பளிச்சென்று தெரிகிறது. எழுதினேன், அழகாகவே இருந்தது. ஆனால் இருபத்தைந்து ஆண்டு கழித்து எல்லாச் சிடியும் இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நம்பி நீங்கள் உங்கள் கல்யாண போட்டோக்களை அலமாரியிலேயே விட்டுவிடுவீர்கள். இன்றைக்கே எடுத்து வேறு ஒன்றில் பிரதி எடுங்கள். காத்திருக்கிறேன்.

ஐம்பத்தொரு வயது பௌக்யே பொன்விழா அன்று மறுபடி தாண்டி 14,62 போடுகிறாள். படித்துக் காட்டினேன். "முட்டி கழண்டு வாய்க்கால்ல மிதக்கும். அதையும் எழுதிக்குங்க" என்றாள்.

1999இல் தாண்டியபோது விட்ஸ்கே அவள் வயிற்றில் இருந்தாள், ஆகவே சாதனை இருவருக்கும் சொந்தம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணக்கு டீச்சர் விரல்விட்டு எண்ணி, தான் பிறந்தது 2001இல் என்று சொல்லிவிட்டாள்.

நடந்தது இது. குழு படத்தைப் பார்த்தது. பதினான்கு நிரூபணம் ஆகிவிட்டது, மிச்சம் ஆகவில்லை என்றது. ஒருவர் ஆண்டையும் பெயரையும் மட்டும் போடலாம் என்றார். விட்ஸ்கே எழுந்து, "பதினாலு போடுங்க, கமா போடுங்க, ரெண்டு எழுத்துக்கு இடம் விடுங்க" என்றாள். "இடம் விட்டா வர்றவன் போறவன் எல்லாம் என்னன்னு கேப்பானே" என்றார் அவர். "கேக்கட்டும். அம்மா சொல்லுவாங்க" என்றாள்.

9

சனிக்கிழமை காலை. நல்ல வெயில். வாய்க்கால் கரையில் பலகை நின்றது. பெண்கள் பகுதியில் விட்ஸ்கேயின் 14,38 ஏற்கெனவே எழுதிக் காய்ந்திருந்தது. அதற்கு மேலே ஒரு வரிக்கு இடம், கீழே ஒரு வரிக்கு இடம்; அதிக தூரம்தான் மேலே வர வேண்டும். சீட்ஸே ஏணியில் ஏறினான். தூரிகையைப் பெயிண்டில் முக்கினான். அப்போதுதான் அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. குழுவில் ஒருவருக்கும் வராத சந்தேகம்.

"எங்க எழுதறது? முப்பத்தெட்டுக்கு மேலயா, கீழயா?"

அம்மாவும் மகளும் ஏணியின் அடியில் தோளோடு தோள் நின்றிருந்தார்கள். ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"மேல!" என்றாள் ஒருத்தி.

"கீழ!" என்றாள் ஒருத்தி.

இருவரும் திரும்பி ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பிறகு சிரிப்பு, முதலில் ஒருத்தி, அப்புறம் மற்றவள், அப்புறம் பெயிண்ட் சொட்டுகிற ஏணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும்.

யார் எதைச் சொன்னது என்று எனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்றேன், காதும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் நான் சொன்னால் அன்புடன் கவனத்தில் கொள்வீர்கள், அவ்வளவுதான். படத்தின் மேல்பாதியை நீங்களும் பார்த்துவிட்டீர்கள். இவர்கள் இருவரையும் ஒன்பது பகுதிகளாகத் தெரியும் உங்களுக்கு. மேலேயா கீழேயா என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். ஏணியில் நிற்கிற என் தம்பிக்கு எழுபது வயது.